விகிதக் கணக்கில் மாறாத எண்ணுக்கு ஒரு பெயர் வையுங்கள்

நேர் விகிதமும் எதிர் விகிதமும் நடத்தும் வகுப்பில் தவறாமல் வரும் பதில் இது: “ஒன்று கூட மற்றதும் கூடினால் நேர் விகிதம், ஒன்று கூட மற்றது குறைந்தால் எதிர் விகிதம்.” மனப்பாடத்துக்கு வசதியான வரிதான், ஆனால் இது பாதி உண்மை. சதுரத்தின் பக்கம் 3 செ.மீ. என்றால் பரப்பு 9, பக்கம் 6 என்றால் பரப்பு 36. இரண்டுமே கூடுகின்றன, ஆனால் பக்கம் இரு மடங்காகும்போது பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. 100 பக்கப் புத்தகத்தில் 20 பக்கம் படித்தால் மீதி 80, 40 படித்தால் மீதி 60. ஒன்று கூட மற்றது குறைகிறது. ஆனாலும் எதிர் விகிதம் இல்லை. அங்கே மாறாமல் நிற்பது கூட்டுத்தொகை.

எனவே ‘ஒன்றை இரு மடங்காக்கினால் மற்றது என்ன ஆகும்?’ என்றுதான் கேட்க வேண்டும். அதுவும் இரு மடங்கானால் நேர் விகிதம், வகுத்து வரும் ஈவு மாறாது. சரிபாதியானால் எதிர் விகிதம், பெருக்கல்தொகை மாறாது. இரண்டும் இல்லையென்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். 5 துணி வெயிலில் காய 2 மணி நேரம் ஆனால், விரித்துப் போட இடமிருக்கும்வரை 10 துணிக்கும் அதே 2 மணி நேரம்தான்.

6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 4 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? பழக்கத்தில் 6/10 = 4/x என்று எழுதிக் குறுக்கே பெருக்கினால் 6⅔ நாள் என்று வரும். ஆள் குறைந்தபின் வேலை எப்படிச் சீக்கிரம் முடியும்? விடை வந்ததும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பிழை பிடிபட்டுவிடும். குறுக்குப் பெருக்கலை முதலிலேயே சொல்லிக்கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எந்த எண்ணை எங்கே எழுதுவது என்பதிலேயே கவனம் போய், கணக்கு கைநழுவிவிடுகிறது.

மாறாத எண்ணுக்குப் பெயர் வைக்கச் சொல்வது நல்ல பலன் தரும். இந்தக் கணக்கில் அது 6 பேர் × 10 நாள் = 60 ‘ஆள்-நாள்’. 60-ஐ 4 ஆல் வகுத்தால் 15 நாள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 4 மணி நேரப் பயணம் என்றால் மாறாதது 240 கி.மீ. தூரம், வேகம் 80 ஆனால் 3 மணி நேரம் போதும். 40 பல் சக்கரம் நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றினால், அதோடு இணைந்த 24 பல் சக்கரம் 150 சுற்று சுற்றும். இரண்டிலும் நிமிடத்துக்கு 3600 பற்கள் கடப்பதுதான் காரணம். பெயர் சொல்ல முடியாவிட்டால், பெரும்பாலும் கணக்கு இன்னும் புரியவில்லை என்றே பொருள்.

நடுவில் ஆள் விலகும் கணக்கில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 12 பேர் 20 நாளில் முடிக்க வேண்டிய வேலை. 8 நாள் கழித்து 4 பேர் விலகிவிட்டார்கள். மொத்தம் 240 ஆள்-நாள். அதில் 96 முடிந்தது, மீதி 144. அதை 8 பேர் செய்ய 18 நாள். 240-ஐ 8 ஆல் வகுத்து 30 என்று எழுதுபவர்கள் முடிந்த வேலையை மறந்தவர்கள். 18-ஓடு நிறுத்துபவர்களோ கேள்வி மொத்த நாளையா, இனி ஆகும் நாளையா கேட்கிறது என்று பார்க்காதவர்கள். மொத்தம் என்றால் 26.

இரண்டுக்கு மேற்பட்ட அளவுகள் சேர்ந்து மாறும் கூட்டு மாறலுக்கும் இதே வழி செல்லும். 8 பேர், நாளுக்கு 6 மணி நேரம், 10 நாளில் 120 மீட்டர் சுவர் என்றால் 480 ஆள்-மணி, அதாவது மீட்டருக்கு 4. 180 மீட்டருக்கு 720 ஆள்-மணி வேண்டும். 12 பேர் நாளுக்கு 5 மணி நேரம் உழைத்தால் ஒரு நாளுக்கு 60, ஆக 12 நாள். எல்லோரும் ஒரே வேகத்தில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டதால்தான் இது செல்லும். அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அலகு இன்னொரு பள்ளம். 2 மணி 30 நிமிடத்தை 2.30 என்று எழுதிப் பெருக்கினால், முறை சரியாக இருந்தும் விடை தவறும். அது 2.5.