பலகையில் யார் பெயர்?

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவின் நண்டுத் தொழிலில் கறுப்பினத்தவரின் பங்கைச் சொல்லும் காட்சிப் பலகைக்கு நான் எழுதிய வாசகத்தில் ஃபிரெடரிக் ஜூவெட்டின் பெயரே தலைப்பாக இருந்தது. மேரிலாந்தின் செயிண்ட் மைக்கேல்ஸில் 1902இல் வில்லியம் கோல்போர்னுடன் சேர்ந்து கடலுணவு நிறுவனம் தொடங்கிய கறுப்பினத்தவர் அவர். நண்டுச் சதையை லம்ப் (பெரிய முழுத் துண்டுகள்), பேக்ஃபின் (அதைவிடச் சிறிய, உடைந்த துண்டுகள்) என்று தரம்பிரிக்கும் முறையை வகுத்த பெருமையும் அவருக்கே தரப்படுகிறது. அந்தத் தரப்பெயர்கள் இன்றும் டப்பாக்களில் இருக்கின்றன. அவர் பெயரைத்தான் வாங்குபவர் அறியார்.

வரைவைப் படித்துக் காட்டியபோது, வாழ்நாளெல்லாம் நண்டுச் சதை எடுத்த ஒரு மூதாட்டி, "தரம் வகுத்தவர் அவர், சரி, தரம் பிரித்த கை யாருடையது?" என்று கேட்டார். கேட்டபடியே குட்டைக் கத்தியை எடுத்து, நீந்தும் காலின் அடியிலிருந்த சதையைப் பெருவிரலால் நெம்பி முழுசாக வெளியே எடுத்து வைத்தார். அது உடைந்தால் கீழ்த்தரத்தில் சேர்ந்து விலை இறங்கிவிடும். அப்படியிருந்தும் நிதானமாக எடுக்க நேரமில்லை, ஏனென்றால் கூலி எடைக்குத்தான்.

"அப்படியானால் உங்கள் பெயரையே போடுகிறேன்" என்றேன். "வேண்டாம். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருக்கும் பெயர் உண்டு. என்னை மட்டும் எழுதினால் அவர்கள் பிள்ளைகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?" என்று மறுத்துவிட்டார்.

ஆதாரமுள்ள பெயரைத்தான் எழுத முடியும் என்பது என் வாதம். அதில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன், ஆனால் கூலிக்கணக்கு எழுதியவர்கள் யாரைக் காகிதத்தில் விட்டுவைத்தார்களோ அவர்களையே நானும் எழுதுகிறேன் என்ற உறுத்தல் போகவில்லை. மறுபுறம், கறுப்பினத்தவர் கூலிக்காரராக மட்டுமே நினைக்கப்படும் ஒரு தொழிலில், முதலாளியாக நின்ற ஒருவரைப் பின்னுக்குத் தள்ளுவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே மேரிலாந்தின் கிறிஸ்ஃபீல்டில் 1938இல் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்களைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். அதிலும் 'பெண்கள்' என்றுதான் எழுத முடிந்தது.

ஜூவெட்டின் பெயர் தலைப்பிலேயே நிற்கிறது. மூதாட்டி அதைப் படித்துவிட்டு, எழுத்தை இன்னும் பெரிதாக அச்சிட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது எந்த வரியை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.