வைஃபை 7 வாங்கறதுக்கு முன்னாடி சுவிட்ச் ரேக்கைத் திறந்து பாருங்க

எங்க காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கிற ஏபி (ஆக்சஸ் பாயிண்ட், வைஃபை சிக்னல் விடற பெட்டி) எல்லாம் வைஃபை 5 காலத்துது. இந்த வருஷம் பட்ஜெட் சாங்ஷன் ஆயிருச்சு, ஒரேயடியா வைஃபை 7க்கே போயிடலாம்னு மேல பேச்சு ஓடுது. போலாம், எனக்கும் ஆசைதான், ஆனா ஏபி மாடல் பாக்கறது இந்த வேலைல கடைசி, அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு.

முதல்ல கரண்ட். பழைய பிஓஇ சுவிட்ச் (நெட் கேபிள் வழியாவே ஏபிக்கு கரண்டும் குடுக்கிற பெட்டி) ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்ஸ் தான் தரும், கேபிள்ல போனது போக ஏபிக்கு 12.95 தான் கிடைக்கும். மூணு ரேடியோ (2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸுக்கு ஒண்ணொண்ணு) உள்ள வைஃபை 7 ஏபி பலதுக்கு 25 வாட்ஸ் கிட்ட வேணும், கம்மியா குடுத்தா ஆன் ஆகும், ஆனா ஏதாவது ஒரு ரேடியோவை அணைச்சிட்டு உக்காந்திருக்கும். 30 வாட்ஸ் போர்ட் உள்ள சுவிட்ச் வாங்கினாலும் சுவிட்ச் மொத்தமா எத்தனை வாட்ஸ் தரும்னும் பாருங்க. 24 போர்ட் சுவிட்ச்ல 370 வாட்ஸ்னு போட்டிருந்தா, 25 வாட்ஸ் கணக்குக்கு 14 ஏபி தான் தாங்கும், மீதி 10 போர்ட் இருந்தும் ஏபிக்கு உதவாது.

அடுத்தது கேபிள். இந்த மாதிரி ஏபிக்கு ஏத்த 2.5 கிகாபிட் வேகம், சாதாரணமா போட்டிருக்கிற கேட் 5இ ரக கேபிள் நல்லா இருந்தா அதுலயே 100 மீட்டர் வரைக்கும் ஓடும், அதுக்குன்னே 2016ல ஸ்டாண்டர்ட் வந்தாச்சு, அதனால எல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சிட்டு புதுசா இழுக்கணும்னு யாராவது கொட்டேஷன் போட்டா உடனே தலையாட்டாதீங்க. ஆனா உள்ள இருக்கறது காப்பர் தானான்னு கண்டிப்பா பாக்கணும். ஒரு முனையை வெட்டி கம்பியை பிளேடால சுரண்டுங்க, செம்பு நிறம் போய் வெள்ளையா தெரிஞ்சா அது காப்பர் பூச்சு போட்ட அலுமினியம், அதுல பிஓஇ ஏத்தினா சூடாகும், வோல்டேஜ் இறங்கும், ஏபி ராத்திரில தானா ரீஸ்டார்ட் ஆகும். அந்த கேபிளை மட்டும் தயங்காம மாத்திடுங்க.

வைஃபை 7ல பெருசா பேசற 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை விஷயத்துக்கு வரேன். அமெரிக்கால 2020லயே 1200 மெகாஹெர்ட்ஸ் திறந்து விட்டாங்க, பிரவுஷர்ல போடற 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் கணக்கெல்லாம் அந்த இடத்தை வச்சுதான். இங்க தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாசம் விட்ட வரைவு விதில சொன்னது 5925ல இருந்து 6425 வரைக்கும் 500 மெகாஹெர்ட்ஸ், அதுல 320 அகல சேனல் ஒண்ணே ஒண்ணு தான் அடங்கும். அடுத்தடுத்த ரூம்ல ஏபி வைக்கிற ஹாஸ்டலுக்கு ஒரு சேனலை வச்சு என்ன பண்றது? சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் வச்சா 6 சேனல் கிடைக்கும், அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இந்தியாவுக்கு வர்ற மாடல்ல 6 கிகாஹெர்ட்ஸ் ஆன் ஆகுமா, இடிஏ சர்டிஃபிகேட்ல (வயர்லெஸ் கருவிக்கு அரசு தர்ற அனுமதி) அந்த பேண்ட் இருக்கான்னு வெண்டர்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்வார்த்தை வேண்டாம். இன்னொண்ணு, 6 கிகாஹெர்ட்ஸ்ல டபிள்யூபிஏ3ங்கிற புது பாதுகாப்பு முறை கட்டாயம், ஆனா வார்டன் ரூம் பிரிண்டரும் பயோமெட்ரிக் மெஷினும் 2.4 கிகாஹெர்ட்ஸ்லயும் பழைய டபிள்யூபிஏ2லயும் தான் பேசும், அதுங்களுக்கு தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை பேர்) விட்டுத்தான் ஆகணும்.

கன்ட்ரோலர்ல (எல்லா ஏபியையும் ஒரே இடத்துல நிர்வகிக்கிறது) கிளையன்ட் லிஸ்ட்டை எடுத்து பசங்க போன் எந்த ஸ்டாண்டர்டுன்னு பிரிச்சு பாருங்க. பட்ஜெட் போன் நிறைய இருக்கிற ஹாஸ்டல்ல வைஃபை 5 போன் இன்னும் கணிசமா இருக்கும், அந்த பசங்களுக்கு ஏபி வைஃபை 7ன்னு இருக்கறதால வேகம் பெருசா ஒண்ணும் கூடிடாது. அவங்களுக்கு உண்மைல உதவறது ஏபி இருக்கிற இடம். காரிடார்ல வரிசையா மாட்டினா ஒரு ஏபி சிக்னல் இன்னொரு ஏபிக்கு நல்லா கேட்டு ஒண்ணையொண்ணு தொந்தரவு பண்ணும், செங்கல் சுவரும் இரும்பு பீரோவும் தாண்டி கட்டிலுக்கு சிக்னல் வராது. ரூமுக்குள்ள சுவர்ல மாட்டற சின்ன ஏபி தான் சரி, சிக்னல் எங்க எப்படி வருதுன்னு அளக்கற சர்வேயும் ராத்திரி 9 மணிக்கு மேல எல்லாரும் ரூம்ல இருக்கும்போது எடுக்கணும், காலியா இருக்கிற பகல்ல எடுத்த ரிப்போர்ட்டை நம்பி பிளான் போடக்கூடாது.

அதனால நான் எழுதிக் குடுத்திருக்கிறது இதுதான்: ஹாஸ்டல் ரூமுக்கு வைஃபை 6, லைப்ரரிக்கும் செமினார் ஹாலுக்கும் மட்டும் வைஃபை 7, மிச்சமாகற பணம் சுவிட்ச்சுக்கும் கேபிளுக்கும். செம் லீவ்ல ஒரு ஃப்ளோர் மட்டும் மாட்டிட்டு, பசங்க திரும்பி வந்ததும் ஓட்டிப் பாத்துட்டுதான் மீதிக்கு ஆர்டர்.