1871 தேம்ஸ் ஓவியம்: அகதியாக வந்தவர் கண்ட புத்தம்புது லண்டன்

லண்டனுக்கு வந்த புதிதில் காசு செலவில்லாமல் ஒரு பிற்பகலைக் கழிக்க டிரஃபால்கர் சதுக்கத்து தேசிய ஓவியக்கூடம் நல்ல இடம். நிரந்தரச் சேகரிப்புக்குக் கட்டணம் இல்லை, சிறப்புக் கண்காட்சிக்குத்தான் டிக்கெட். வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருப்பதால் வேலை முடிந்தும் போகலாம். எல்லா அறைகளையும் ஒரே நாளில் சுற்றினால் காலும் கண்ணும் களைத்துவிடும். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேயின் ‘வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கீழே தேம்ஸ்’ ஒன்றுக்காகவே போங்கள். சில வேளை படங்கள் இரவலாக வெளியூர் போய்விடும், இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சின்னப் படம்தான், ஏறத்தாழ 47க்கு 73 செ.மீ. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் 1870இல் மூண்ட போருக்குத் தப்பி, மனைவியோடும் மூன்று வயது மகனோடும் இங்கே வந்தபோது வரைந்தது. போருக்குத் தப்பி இங்கே வந்த எங்கள் ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

முதலில் இரண்டடி தள்ளி நில்லுங்கள். வலப்பக்கம் பாராளுமன்றக் கோபுரங்கள், பின்னால் பாலம், ஆற்றில் படகுகள், இடப்பக்கம் புகாரில் மங்கிய செயின்ட் தாமஸ் மருத்துவமனை. பிறகு கிட்டே போய் முன்னால் உள்ள மர இறங்குதுறையைப் பாருங்கள். கம்பங்கள் மட்டும் கறுப்பாக, அழுத்தமாக இருக்கும், அவற்றின் நிழல் தண்ணீரில் கிடைக்கோடுகளாக உடையும். மற்றதெல்லாம் மெல்லிய சாம்பல். துறையில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். இதைக் கவனிக்காமல் ‘அழகான மூடுபனி’ என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். அந்தப் புகாரில் பாதி நிலக்கரிப் புகை.

பழைய லண்டன் என்று நாம் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது எதுவும் அன்று பழையதல்ல. பாராளுமன்றம் 1834 தீக்குப் பிறகு கட்டியது, பாலம் 1862, எம்பாங்க்மென்ட் என்னும் ஆற்றங்கரைச் சுவர் 1870, மருத்துவமனை திறந்தது 1871. கண்ணில் பட்ட ஒளியையும் கணத்தையும் வரையும் மொனேயின் பாணிக்கு ‘இம்ப்ரெஷனிசம்’ என்ற பெயரே 1874இல்தான் வந்தது. ஆகவே இதைக் கனவுப்படம் என்பதைவிட, கட்டுமான வேலை நடக்கும் ஊரை உள்ளபடி பதிந்த படம் என்பதே சரி.

அடுத்து எம்பாங்க்மென்ட் நிலையத்துக்கு நடந்து, ஆற்றங்கரையில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் நோக்கிப் போங்கள். ஆறு உங்கள் இடப்பக்கம் இருக்க வேண்டும், வலப்பக்கம் வந்தால் திசை மாறிவிட்டது. மறுகரையில் 1922இல் திறந்த கவுண்டி ஹால் மறைப்பதால் மருத்துவமனை படத்தில் போல் தெரியாது. நேரமும் முக்கியம். பாராளுமன்றம் உங்களுக்குத் தெற்கே இருப்பதால் நண்பகலில் வெயில் அதன் பின்னாலிருந்து வரும், கோபுரங்கள் தட்டையான நிழலுருவாகும். டிசம்பரில் சூரியன் நடுப்பகலிலும் 15 பாகைதான் ஏறும், நான்கு மணிக்கு இருட்டிவிடும். தொப்பியும் கையுறையும் கட்டாயம், ஆற்றங்காற்று சும்மா விடாது.

ஈஸ்ட்ஹாம் போகிறவர்கள் எம்பாங்க்மென்டில் டிஸ்ட்ரிக்ட் ரயிலே ஏறலாம். பிளாக்ஃப்ரையர்ஸ் வரை அது ஓடும் சுரங்கம் அதே கரைச்சுவர் வேலையோடு கட்டி 1870 மே மாதம் திறந்தது. வலப்பக்க ஜன்னலுக்கு அப்பால், கரைச்சுவரைக் கட்டிய பொறியாளர் பஸல்ஜெட்டின் கழிவுநீர்க் கால்வாய், அதற்கும் அப்பால் தேம்ஸ்.