மடி வீங்கும் வரை காத்திருக்க வேண்டாம்

மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்த பிறகுதான் மாட்டு டாக்டரைக் கூப்பிடுகிறோம். ஆனால் மாடு நன்றாகத் தீவனம் தின்று, பாலும் பார்க்க வெள்ளையாகவே இருக்கும்போதே மடிக்குள் கிருமி இருக்கலாம், கறவை மட்டும் குறைந்துகொண்டே போகும். இதைக் கண்டுபிடிக்கும் கலிபோர்னியா மடிநோய் சோதனை 1957இலேயே வந்துவிட்டது. நான்கு குழி உள்ள தட்டில் காம்புக்கு ஒரு குழியாகப் பால் பீய்ச்சி, அதே அளவு சோதனைக் கரைசலை ஊற்றி மெதுவாகச் சுழற்றுங்கள். நோயுள்ள காம்பின் பால் மட்டும் சளி மாதிரி கெட்டியாகும். கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏ வெளியே வருவதால்தான் அப்படி. அப்புறம், எந்தக் கிருமி என்று பார்க்க ஆய்வகத்துக்குப் பால் அனுப்புவதென்றால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.