ஒரு பாக்கெட்டில் அடங்காத சாவி

எங்கள் நெட்வொர்க்கைக் குவாண்டம் கணினிகளுக்கு எதிராகத் தயார்படுத்தும் வேலை என்னிடம் வந்ததும் எல்லோரும் கேட்ட கேள்வி, "அந்தக் கணினி எப்போ வரும்?" என்பதுதான். எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையைக் குவாண்டம் கணினியால் உடைக்கும் வழியைக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994லேயே காட்டிவிட்டார். அதை ஓட்டுகிற அளவுக்குப் பெரிய கணினிதான் இன்னும் இல்லை. ஆனால் இன்று போகும் தரவைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு பிறகு திறந்து பார்க்க, இப்போதைக்கு ஹார்டு டிஸ்க் இருந்தால் போதும். அதனால் நான் திருப்பிக் கேட்டது: நம் தரவு எத்தனை ஆண்டுகளுக்கு ரகசியமாக இருக்க வேண்டும்?

இதிலிருந்தே வரிசையும் முடிவானது. இரு கணினிகள் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை முடிவு செய்யும் சாவிப் பரிமாற்றம் முதலில், எதிர்முனையில் இருப்பது யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் அப்புறம். இன்று முடிந்துபோன இணைப்பில் நாளை யாரும் போலிக் கையொப்பம் போட்டு உள்ளே வர முடியாது. பதிவு செய்த சாவிப் பரிமாற்றத்தையோ என்றைக்கு வேண்டுமானாலும் உடைக்கலாம். அந்தச் சாவியை வைத்துத் தரவைப் பூட்டும் ஏஇஎஸ்-256 முறை குவாண்டம் கணினிக்கும் தாங்கும், அதைத் தொடவே தேவையில்லை.

எந்த அல்காரிதம் என்பதில் குழப்பம் இல்லை. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட குவாண்டம் எதிர்ப்புத் தரநிலைகளில் சாவிப் பரிமாற்றத்துக்கானது எம்எல்-கெம். அதைத் தனியாக விடாமல், பழைய சாவிப் பரிமாற்ற முறையான எக்ஸ்25519உடன் சேர்த்தே ஓட்டினோம். எதற்கு இரண்டு என்று மேலாளர் கேட்டார். நிஸ்ட் தேர்வில் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையின் ஒரு வடிவத்தை, 2022இல் சாதாரணக் கணினியின் ஒரே பிராசசர் கோரை வைத்துச் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள், புதியதில் ஓட்டை இருந்தாலும் பழையது காக்கும் என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

கணக்கு சுலபமாக முடிந்தது, வயரில்தான் மாட்டிக்கொண்டோம். எக்ஸ்25519இன் பொதுச் சாவி 32 பைட். எம்எல்-கெம்-768க்கு 1184 பைட். பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையில், இந்தச் சாவியைக் கொண்டுபோகும் முதல் செய்தி அதுவரை ஒரே பாக்கெட்டில் போய்க்கொண்டிருந்தது, இப்போது இரண்டாகிறது. ஒரு கிளையிலிருந்து மட்டும் "உள்தளம் திறக்கவில்லை" என்று புகார். பிங் போகிறது, பழைய பிரவுசரில் திறக்கிறது, புதியதில் தொங்குகிறது. சர்வர் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். இரண்டு முனையிலும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் நடுவில் இருந்த பழைய ஃபயர்வால் சிக்கியது. தளத்தின் பெயரை முதல் பாக்கெட்டிலேயே தேடி, முழுச் செய்தியும் அதில் இல்லாததால் இணைப்பையே கைவிட்டிருக்கிறது. விற்றவர்களிடம் கேட்டால், "பிரவுசரில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்" என்றார்கள். இப்படியும் ஒரு ஆலோசனை! ஃபயர்வாலுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதிய பதிப்பை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டிஎல்எஸ் எங்கெங்கே முடிகிறது என்று பட்டியல் எடுப்பது இன்னும் நீண்ட வேலை. லோட் பேலன்சர், விபிஎன், பிரிண்டர் என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது: சர்வர்களுக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள், 2022இல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே பழையதும் புதியதும் சேர்ந்த கலப்புமுறைச் சாவிப் பரிமாற்றத்தைத் தானாகப் பயன்படுத்துகிறது. அப்டேட் ஆன சர்வர்களுக்கிடையே எங்களைக் கேட்காமலே பாதி வேலை முடிந்திருந்தது.

கையொப்பங்கள் இன்னும் பாக்கி. பழைய கையொப்பம் 64 பைட் இருந்த இடத்தில், நிஸ்டின் புதிய கையொப்ப முறையான எம்எல்-டிஎஸ்ஏ-65 கேட்பது 3309 பைட். ஒரு தளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்ச் சங்கிலியில் அப்படிப் பல வரும். அதற்கு முன்னேற்பாடாக, புதிய கருவி வாங்கும் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறோம்: அல்காரிதத்தை ஃபர்ம்வேர் வழியாக மாற்ற முடியாத எதையும் வாங்குவதில்லை. கொள்முதல் பிரிவோடு அதற்கான பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.