கடைசி சைக்கிள்

நான் வேலை பார்த்த சைக்கிள் சுற்றுலாக் குழுவில் என் இடம் எப்போதும் கடைசி. வழிகாட்டி முன்னால் போவார். வேன் வழியில் எங்கேயாவது தண்ணீரும் வாழைப்பழமுமாக நிற்கும். எல்லோருக்கும் பின்னால் வருகிறவரை நான் முந்தக் கூடாது, அவ்வளவுதான் வேலை. அப்புறம் பஞ்சர், செயின், பிரேக்.

2023 பிப்ரவரியில் ஒரு நாள். லாவோஸின் லுவாங் பிரபாங்கிலிருந்து 13-ஆம் எண் சாலையில் தெற்கே கியூ கச்சாம் என்ற மலை ஊர் வரை, சுமார் 80 கிலோமீட்டர். லுவாங் பிரபாங் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர், கியூ கச்சாம் 1,400 மீட்டர். கணக்குக்கு 1,100 மீட்டர் ஏறினால் போதும் என்று தோன்றும். ஆனால் வழியில் சியங் ங்கென் என்ற ஊரைத் தாண்டி ஒரு மலையில் ஏற்றிவிட்டு, ஏறியதில் பெரும்பகுதியை ‘நாம் மிங்’ என்ற ஆற்றின் கரை வரை இறக்கிப் பறித்துக்கொண்டு, திரும்பவும் அடியிலிருந்து ஏறச் சொல்லும் சாலை அது.

அன்று கடைசியாக வந்தவர் அறுபதைத் தாண்டிய நெதர்லாந்துக்கார அம்மா. மேடு என்றால் பாலம்தான் என்றிருக்கிற நாடு. மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டுவதற்குத் தனித் தெம்பு வேண்டும். கொஞ்சம் அசந்தால் கால் ஊன்ற வேண்டியதுதான். “என்னால் உனக்குத் தாமதம்” என்று மூன்று முறை சொன்னார். எனக்கு இதற்குத்தான் சம்பளம் என்றேன்.

அந்த வேகத்தில் போனால்தான் சாலை கண்ணில் படும். 2021 டிசம்பரில் சீனா–லாவோஸ் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு சுற்றுலாப் பயணிகளில் பலர் சுரங்கத்துக்குள் புகுந்து ஒரு மணி நேரத்தில் வாங் வியங் போய்விடுகிறார்கள். சாலையில் லாரிகளும், “சபாய்தீ” (வணக்கம்) என்று கத்தியபடி ஓடிவந்து உள்ளங்கையில் அடிக்கும் பிள்ளைகளும். தார் ஓரத்தில் நீளத்துக்குப் புல்கதிர் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் அதைக் கத்தை கத்தையாகத் தரையில் அடித்துப் பூத்தூளை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் மொசைக் தரை கூட்டுகிற பூந்துடைப்பம் இருக்கிறதே, அதே புல்தான்.

புதர் மறைவு தேடுகிறவர்களிடம் மட்டும் நான் கறாராக இருப்பேன்: மிதிபட்ட தடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இந்த நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வெடிக்காதவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. வெட்கத்தைவிடக் கால் முக்கியம்.

கியூ கச்சாமுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம். அந்த அம்மாவின் சைக்கிளில், பின் சக்கரத்தில், பல்சக்கரம் இருக்கிற பக்கம், ஒரு போக்ஸ் கம்பி கழுத்தோடு ஒடிந்திருந்தது. ரிம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு பிரேக் கட்டையில் உரசியது. காலையில் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிப் பார்ப்பது என் வழக்கம். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். அன்றைக்குச் சூடான நூடுல்ஸ் கிண்ணம் வந்துவிட்டதால் முன் சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டேன். போதாததற்கு, அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்றப் பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி வேண்டும். அது வேனில். வேன் மலை உச்சியில். போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை.

சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று சைக்கிளைக் கவிழ்த்தேன். சித்தப்பாவின் வாடகை சைக்கிள் கடையில் பள்ளி விடுமுறைகளில் கற்ற வித்தை ஒன்றுதான், கோட்டம் எடுப்பது. ஒடிந்த கம்பியின் இரு புறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினேன். ரிம் மெல்ல நடுவுக்கு வந்தது. முழுக்க இல்லை. பின் பிரேக்கை அகலத் திறந்துவிட்டேன், மிச்சம் ஏற்றம்தானே.

ஒடிந்த கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கட்ட டேப் தேடினால், அதுவும் வேனில். புல் அடித்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தைகளைக் கட்ட வைத்திருந்த மூங்கில் நாரில் ஒன்றை எடுத்து, ஒடிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை முறுக்கி உள்ளே செருகினார். முடிச்சே இல்லை. பணம் நீட்டினேன், “போ பென் ஞாங்” என்று கையை அசைத்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பிவிட்டார். பரவாயில்லை என்று அர்த்தம்.

இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா கடைசி வளைவு வரை வேனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளிரில் சூப் குடித்துவிட்டு, வாசல் விளக்கடியில் பல்சக்கரத்தைக் கழற்றிப் புதுக் கம்பி போட்டேன். மூங்கில் நார் அவிழ வரவில்லை, கத்தியால்தான் அறுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை எல்லாக் கம்பியையும் சுண்டிப் பார்த்தேன், இரண்டு சக்கரத்திலும். வேன் ஓட்டும் தம்பி என்னை ஆய் என்பான், அவர்கள் ஊரில் அண்ணன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “ஆய்!” என்று கூப்பிட்டு அந்தக் கருவியை ஆட்டிக் காட்டினான். அந்தப் பயணம் முடியும் வரை தினமும் காட்டினான்.