எட்டாம் படியில் இருக்கும் அம்மா

மட்டக்களப்பில் கள ஆய்வு வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, ஏணிக் கேள்வியோடு மட்டும் ஒரு வீட்டை விட்டு எழும்பாதீர்கள் என்பதுதான். பூச்சியம் (மிக மோசம்) முதல் பத்து (மிக நல்லது) வரை படிகள் உள்ள ஏணியைக் காட்டி, “உங்கட வாழ்க்கை இப்ப எந்தப் படியில நிக்குது?” என்று கேட்போம். பல நாடுகளில் இதே கேள்வி கேட்கப்படுகிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம் ஒரு அம்மா யோசிக்காமல் எட்டு என்றார். கணவர் இல்லை, நுண்கடன் கழுத்தை நெரிக்கிறது, பெரும்போகத்தில் மட்டும் வயல் கூலி. “சண்டையில தப்பின உசிரு புள்ள, என்னத்தக் குறை சொல்ற?” என்றார்.

சரி என்று எழுதிக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன். இரவில் திடீரென்று வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா?

“ராவில பாதை ஓடாது. பட்டிருப்புப் பாலத்தால சுத்தித்தான் களுவாஞ்சிக்குடிக்குப் போகணும்.” பாதை என்பது இங்கே வாவியைக் கடக்கும் மிதவை. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் வருமே அம்மா, காசும் இல்லையே என்றேன். “வருவாங்க. திரும்பி வாற ஓட்டோக்கு ஆரு காசு தாற? வீட்டில குமர்ப்பிள்ளை தனிய. விடியுமட்டும் பல்லக் கடிச்சிட்டுக் கிடக்கிறதுதான்.”

ஆஸ்பத்திரி இருக்கிறது, மருத்துவம் இலவசம், வண்டியும் வரும். ஆனாலும் அவரால் போக முடியாது. பொருளியலாளர் அமர்த்தியா சென் 1979 முதல் வலியுறுத்தி வந்தது இதைத்தான்: ஒருவரிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு திருப்தி என்பதோடு நிற்காமல், அவரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று பார்க்க வேண்டும். திருப்தியை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் எனக்கு மறப்பதில்லை. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதத்தினர் உடல்நிலை சரியில்லை என்றோ சுமார் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம் மட்டுமே. அந்தப் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யார் நம்புவது?

1990இல் நாடுகளை ஒப்பிடும் ஐ.நா.வின் மனித அபிவிருத்திச் சுட்டெண் வந்தபோது ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் ஒன்றாகப் பார்க்கப்பட்டன. இலவசக் கல்வியாலும் மருத்துவத்தாலும் இலங்கைக்கு அதில் நல்ல பெயர். தேசிய சராசரியில் படுவான்கரை தெரியாது, அவ்வளவுதான். 2010இல் வந்த பல்பரிமாண வறுமைச் சுட்டெண் வீடு வீடாகப் பார்க்கிறது. பத்துக் குறிகாட்டிகள், அவற்றில் ஒன்று சமையல் எரிபொருள். அம்பாறைப் பக்கம் திருக்கோவிலில் ஒரு வீட்டில் காஸ் சிலிண்டர் மூலையில் நிற்க, மீன் குழம்புக்கு விறகுதான் ருசி என்று அடுப்பூதினார்கள். பக்கத்து வீட்டில் காஸ் வாங்க வழியே இல்லை. வினாக்கொத்தில் இரண்டும் ‘விறகு’. புகை இரண்டு பேருடைய நெஞ்சுக்கும் கெடுதல்தான், அதனால் அந்தக் குறிகாட்டியைப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவருக்குத் தெரிவு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. அந்த வித்தியாசத்தைப் பதிய ஒரு கட்டமாவது வேண்டும்.

அதனால் இப்போது எங்கள் வினாக்கொத்தில் “நீங்கள் விரும்பினால் முடியுமா?” என்று தொடங்கும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக, மாதர் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கதைக்க, கடன் வேண்டாம் என்று சொல்ல. பெண்களைத் தனியே வைத்துத்தான் கேட்கிறோம். புருசனோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பதில் அவர்களுடையதாகிவிடும். நேரம் இரட்டிப்பாகிறது, பணம் தருபவர்கள் முணுமுணுக்கிறார்கள். அதற்கு நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஏணிக் கேள்வியும் இருக்கட்டும், அந்த அம்மாவின் எட்டும் அவருடைய வார்த்தைதான். ஆனால் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் சராசரிப் படியைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத வீடுகள் எத்தனை, எந்தக் கிராமத்தில், என்ன காரணத்தால் என்பது முதல் பக்கத்தில் வருகிறது.